டீசலுக்குள் ஒளிந்திருக்கும் மெழுகு

மார்கழி பிறந்துவிட்டால் தேங்காயெண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. வெயிலில் வைத்தோ வெந்நீரில் நிறுத்தியோ உருக்கித்தான் தலைக்குத் தேய்க்க வேண்டும். அதே அலமாரியில் பக்கத்திலேயே இருக்கும் நல்லெண்ணெய்க்கு ஒன்றும் ஆவதில்லை. இரண்டும் எண்ணெய்தானே, ஒன்றுக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு என்று யோசிக்காதவர்கள் குறைவு.

கடுங்குளிர் நாடுகளில் இதே கேள்வி வேறு உருவத்தில் வருகிறது. அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில், கனடா எல்லையை ஒட்டி இருக்கும் மாநிலம் மினசோட்டா. அங்கே ஜனவரி விடியற்காலையில் வெப்பநிலை மைனஸ் 25 டிகிரிக்கு இறங்குவதை யாரும் பெரிய செய்தியாகப் பேசுவதில்லை. 1996 பிப்ரவரி 2 அன்று டவர் என்ற சிற்றூரில் மைனஸ் 51 வரை போனது. அந்த மாநிலத்தில் பதிவான உச்சக் குளிர் அதுதான். (இந்த அத்தியாயத்தில் வரும் டிகிரிகள் எல்லாமே செல்சியஸ்.)

அப்படி ஒரு காலையில் ஒரு வீட்டுக் கொட்டகையில் பெட்ரோல் கார் ஒன்றும் சிறிய டீசல் டிராக்டர் ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. சாவியைத் திருப்பியதும் கார் கொஞ்சம் முனகிவிட்டுக் கிளம்புகிறது. டிராக்டரும் கிளம்பத்தான் செய்கிறது. சில நிமிடம் நன்றாக ஓடுகிறது. வாசலில் குவிந்த பனியை ஒதுக்கத் தொடங்கியதும் திணறி நின்றுவிடுகிறது. டேங்க்கில் டீசல் இருக்கிறது, பேட்டரி நன்றாக இருக்கிறது. காரில் இருக்கும் பெட்ரோலும் டிராக்டரில் இருக்கும் டீசலும் ஒரே கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தவை. பிறகு ஏன் ஒன்று ஓடுகிறது, ஒன்று நிற்கிறது?

நெல் வயலில் இருந்து பனிக்கு

முதலில் இந்தச் சிறிய டிராக்டரைத் தெரிந்துகொள்வோம். இருபதிலிருந்து ஐம்பது குதிரைத்திறன் வரை உள்ள இந்த வகை, ஜப்பானின் சிறிய நெல் வயல்களுக்காகச் செய்த டிராக்டர்களின் வழியில் வந்தது. 1969-இல் குபோட்டா நிறுவனம் 21 குதிரைத்திறன் கொண்ட ஒரு டிராக்டரை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுபோனது. பெரிய பண்ணைகளுக்கு அது போதாது. ஆனால் ஐந்து பத்து ஏக்கர் நிலத்தோடு வீடு வைத்திருப்பவர்களுக்கு அதுதான் சரியான அளவு என்று தெரிந்துபோயிற்று. நம் நாட்டு மஹிந்திராவும் 1994 முதல் அங்கே கடை விரித்திருக்கிறது.

கோடையில் இந்த டிராக்டர் புல் வெட்டும், மண் அள்ளும். குளிர்காலத்தில் முன்னால் ஒரு வாளியோ, பனியைச் சுழற்றி வீசும் கருவியோ மாட்டிக்கொண்டு வழியைத் திறந்துவிடும். சாலையிலிருந்து வீடு இருநூறு முந்நூறு மீட்டர் உள்ளே தள்ளி இருக்கும் இடங்களில், அந்த வழி திறக்காவிட்டால் ஆம்புலன்ஸ் வர முடியாது, பள்ளிப் பேருந்துக்குப் பிள்ளைகள் போய்ச் சேர முடியாது. டிராக்டர் எந்த நாளில் அத்தியாவசியமோ அந்த நாளில்தான் அதன் டீசல் மக்கர் செய்கிறது.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நெடுஞ்சாலை லாரி ஒரு டேங்க் டீசலை ஓரிரு நாளில் எரித்துத் தீர்த்துவிடும். எந்தப் பருவமோ அந்தப் பருவத்து டீசல்தான் அதன் வயிற்றில் இருக்கும். வீட்டு டிராக்டர் அப்படியல்ல. அது வாரத்தில் சில மணி நேரம் ஓடினால் அதிகம். உரிமையாளர் ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ மஞ்சள் கேனில் டீசல் வாங்கி வந்து வைப்பார் (அங்கே பெட்ரோலுக்குச் சிவப்புக் கேன், மண்ணெண்ணெய்க்கு நீலம், டீசலுக்கு மஞ்சள்). அந்தக் கோடை டீசல் ஜனவரி வரை டேங்க்கிலேயே தங்கிவிடும். குளிர்கால டீசல் சிக்கல்களில் ஏராளமானவை இந்த மஞ்சள் கேனில் தொடங்குகின்றன.

நேர்ச் சங்கிலி, கிளைச் சங்கிலி

டீசல் ஒரே பொருள் அல்ல. நூற்றுக்கணக்கான பொருள்கள் கலந்த திரவம். அநேகமாக எல்லாமே கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்தவை. கார்பன் அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைகோத்துச் சங்கிலியாக நிற்கும். பெட்ரோலில் இந்தச் சங்கிலிகள் குட்டையானவை, நான்கிலிருந்து பன்னிரண்டு கார்பன் வரை. டீசலில் நீளமானவை, ஏறக்குறைய பத்திலிருந்து இருபதுக்கும் மேல்.

நீளம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நேர்ச் சங்கிலிகளை மட்டும் வரிசையாகப் பார்ப்போம். பத்து கார்பன் உள்ள சங்கிலி மைனஸ் 30 டிகிரியில் உறைகிறது. பன்னிரண்டு கார்பன் உள்ளது மைனஸ் 10 அருகில். பதினாறு கார்பன் உள்ளது பிளஸ் 18 டிகிரியிலேயே கெட்டியாகிவிடும். பதினெட்டுக்கு 28 டிகிரி, இருபதுக்கு 37 டிகிரி. தனியாக எடுத்து வைத்தால் இருபது கார்பன் சங்கிலி சென்னைக் கோடையின் இரவில்கூடக் கட்டியாகத்தான் இருக்கும். வெள்ளை மெழுகுவத்தியில் இருப்பதும் இதே குடும்பம்தான், அங்கே சங்கிலிகள் இன்னும் நீளம். சாதாரண வெப்பநிலையில் இந்த மெழுகுச் சங்கிலிகள், குட்டைச் சங்கிலிகள் என்ற கரைப்பானில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கின்றன. டீசல் தெளிவாகத் தெரிவதற்கு அதுதான் காரணம்.

நீளம் பாதிக் கதை. வடிவம் மறுபாதி. நேரான சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கிக்கொள்ள வசதியானவை. நடுவே கிளை பிரிந்த சங்கிலியோ வளைந்த சங்கிலியோ அப்படி அடுக்கிக்கொள்ளாது. தேங்காயெண்ணெயில் இருக்கும் கொழுப்பு அமிலங்களில் பெரும்பகுதி நேரானவை. அதனால் 24 டிகிரி அளவிலேயே அது உறைய ஆரம்பிக்கிறது. நல்லெண்ணெயில் பெரும்பகுதி நடுவே வளைந்தவை. அடுக்க முடியாமல் திரவமாகவே நின்றுவிடுகிறது. மார்கழி அலமாரிப் புதிரும் மினசோட்டாக் கொட்டகைப் புதிரும் அடிப்படையில் ஒரே புதிர்.

அப்படியென்றால் டீசலிலிருந்து நேர்ச் சங்கிலிகளை எல்லாம் எடுத்து வீசிவிடலாமே? அங்கேதான் இந்த விஷயத்தின் முடிச்சு இருக்கிறது.

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி வைத்துத்தான் எரிபொருளைப் பற்றவைக்கிறோம். பொறி வருவதற்கு முன் அது தானாகப் பற்றிக்கொண்டால் எஞ்சின் தட்டும், கெட்டுப்போகும். நேர்ச் சங்கிலிகள் சீக்கிரம் தானாகப் பற்றிக்கொள்ளும் சுபாவம் கொண்டவை. ஆகவே பெட்ரோலுக்கு அவை ஆகாது, கிளைச் சங்கிலிகள் வேண்டும். டீசல் எஞ்சினில் பொறியே கிடையாது. காற்றை அமுக்கி அமுக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் அது தானாகப் பற்ற வேண்டும். அங்கே சீக்கிரம் பற்றுவதுதான் நல்ல குணம். எவ்வளவு சீக்கிரம் பற்றுகிறது என்பதற்கு ஒரு மதிப்பெண் உண்டு, சீட்டேன் எண். பதினாறு கார்பன் உள்ள நேர்ச் சங்கிலியின் பெயர்தான் சீட்டேன். அதற்கு 100 மதிப்பெண். அதே பதினாறு கார்பனை ஏகப்பட்ட கிளைகளோடு அமைத்தால் மதிப்பெண் 15-க்கு விழுந்துவிடுகிறது. நூற்றுக்கு நூறு வாங்கும் அந்தச் சீட்டேன்தான் 18 டிகிரியில் உறைந்துபோகும் பொருள் என்று மேலே பார்த்தோம்.

டீசலுக்குள் மெழுகு கலப்படமாகவோ அழுக்காகவோ வந்து சேரவில்லை. டீசலை நல்ல டீசல் ஆக்கும் குணமே குளிரில் மெழுகாக உருவெடுக்கிறது. குளிர்காலத்தில் டீசலுக்குச் செய்யும் ஒவ்வொரு வைத்தியமும் இந்த இரண்டு குணங்களுக்கும் இடையே செய்துகொள்ளும் சமரசம்தான்.

மூன்று படிகள்

டீசல், தண்ணீர்போல ஒரு குறிப்பிட்ட டிகிரியில் மொத்தமாக உறைவதில்லை. படிப்படியாக இறங்குகிறது. தெளிவான கண்ணாடி ஜாடியில் கோடை டீசலை ஊற்றிக் குளிரில் வைத்துப் பார்த்தால் முதலில் தெரிவது லேசான மங்கல். மிக நீளமான சங்கிலிகள் கரைந்திருக்க முடியாமல் நுண்ணிய படிகங்களாகப் பிரிகின்றன. இந்த வெப்பநிலையைக் கலங்கும் நிலை என்று சொல்லலாம். அமெரிக்காவில் இரண்டாம் எண் டீசல் என்று விற்கப்படும் சாதாரண டீசலுக்கு இது மைனஸ் 10-ஐ ஒட்டி இருக்கும். எந்தக் கச்சா எண்ணெய், எந்தச் சுத்திகரிப்பு ஆலை என்பதைப் பொறுத்துக் கூடும் குறையும்.

இன்னும் குளிர்ந்தால் படிகங்கள் வளர்கின்றன. கவனிக்காமல் விட்டால் அரை மில்லிமீட்டர் அகலம்வரை தட்டையான தகடுகளாக விரியும். திரவம் இன்னும் ஓடும். ஆனால் வடிகட்டியைத் தாண்ட முடியாது. இதை அடைக்கும் நிலை என்போம். ஆய்வகத்தில் இதற்கு எளிமையான ஒரு சோதனை உண்டு. டீசலை டிகிரி டிகிரியாகக் குளிரவைத்து, 45 மைக்ரான் இடைவெளியுள்ள கம்பி வலை வழியாக மெல்ல உறிஞ்சுகிறார்கள். 20 மில்லிலிட்டர் ஏற 60 நொடிக்கு மேல் ஆனால் அந்த வெப்பநிலையே அடைக்கும் நிலை. தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால், அந்த வலையின் கண் எவ்வளவு சிறியது என்று புரியும். ஆனால் டிராக்டரின் காகித வடிகட்டி அதைவிடவும் பல மடங்கு நெருக்கமானது. சோதனையில் தேறிய டீசல் டிராக்டரில் தேறும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது.

கடைசிப் படி, ஓடா நிலை. தகடுகள் குறுக்கும் நெடுக்குமாக முட்டிக்கொண்டு ஒரு கூடாகி, மிச்சத் திரவத்தைத் தமக்குள் சிறைப்பிடித்துவிடுகின்றன. ஜாடியைச் சாய்த்தாலும் அசையாது. பார்ப்பவர்கள் டீசல் முழுக்க உறைந்துவிட்டது என்றுதான் சொல்வார்கள். உண்மையில் மெழுகாகப் பிரிந்தது நூறில் இரண்டு பங்கு அளவுதான். மீதி தொண்ணூற்றெட்டும் இன்னும் திரவம், வெளியேற வழியில்லாமல் நிற்கிறது.

ஒரு ஜனவரிக் காலையின் கணக்கு

இப்போது அந்தக் கொட்டகைக்குப் போவோம். இருபத்தைந்து குதிரைத்திறன் டிராக்டர் என்று வைத்துக்கொள்வோம். டேங்க்கில் செப்டம்பரில் வாங்கிய டீசல் 25 லிட்டர். அதன் கலங்கும் நிலை மைனஸ் 9. மூன்று நாளாகக் கடுங்குளிர். இன்று காலை மைனஸ் 22.

ஏன் மூன்று நாள்? 25 லிட்டர் எண்ணெய் ஒரே இரவில் வெளிக்காற்றின் குளிருக்கு வந்துவிடாது. முதல் நாள் குளிர்ந்தும் டிராக்டர் ஓடியிருக்கும். நேற்றுகூட ஓடியதே என்ற நம்பிக்கை அங்கேதான் வருகிறது. இதற்குள் பிரிந்த மெழுகு மெதுவாகக் கீழே படியவும் ஆரம்பித்திருக்கும். எஞ்சினுக்கு டீசல் உறிஞ்சும் குழாய் இருப்பதும் டேங்க்கின் அடியில்தான்.

கலங்கும் நிலைக்குக் கீழே பத்து டிகிரி போனால் நூறில் ஒன்றிலிருந்து இரண்டு பங்கு மெழுகாகப் பிரிந்திருக்கும். குறைந்த கணக்காக ஒரு பங்கு என்றே வைப்போம்.

சாவியைத் திருப்புகிறார் உரிமையாளர். வடிகட்டிக்கு அப்பால், பம்ப்பிலும் இன்ஜெக்டர் குழாய்களிலும் ஏற்கெனவே இருக்கும் கொஞ்சம் டீசலில் எஞ்சின் பிடித்துக்கொள்கிறது. சூடேறட்டும் என்று ஐந்து நிமிடம் சும்மா ஓடவிடுகிறார். சும்மா ஓடும்போது மணிக்கு முக்கால் லிட்டர் அளவு செலவாகும். ஐந்து நிமிடத்தில் சுமார் 60 மில்லிலிட்டர். அதிலுள்ள மெழுகு அரை கிராம். வடிகட்டிக் காகிதத்தின் மடிப்புகளில் அரை கிராம் மெழுகு படிவதை எஞ்சின் கவனிப்பதே இல்லை.

இப்போது பனி வீசும் கருவியை இயக்கி, ஈரம் கோத்த கனத்த பனிக்குள் வண்டியை விடுகிறார். செலவு மணிக்கு நான்கு லிட்டருக்குத் தாவுகிறது. ஐந்து நிமிடத்தில் வந்த அரை கிராம் மெழுகு இப்போது ஒவ்வொரு நிமிடமும் வருகிறது. ஆறேழு நிமிடத்தில் நான்கு கிராம். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் தகட்டுப் படிகங்கள் தங்களுக்கு இடையே திரவ டீசலையும் பிடித்துவைத்துக்கொள்வதால், நான்கு கிராம் மெழுகு வடிகட்டியின் முகத்தில் பல மடங்கு பருமனான பசையாக அப்பிக்கொள்கிறது. தவிர, பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் பம்ப் இழுக்கும் டீசல் அனைத்தும் எரிவதில்லை. மிஞ்சியது டேங்க்குக்குத் திரும்பிவிடும். எரிவதைவிட அதிகமான டீசல் வடிகட்டியைக் கடக்கிறது என்றால், வடிகட்டியில் சேரும் மெழுகும் நம் கணக்கைவிட அதிகம்.

எஞ்சின் சத்தம் ஏறி இறங்குகிறது. ஆக்சிலரேட்டரைக் கொடுத்தாலும் வேகம் பிடிக்கவில்லை. கருவி சுற்றுவது மெதுவாகிறது. பிறகு நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் மறுபடி பிடிக்கும், அரை நிமிடம் ஓடும், நிற்கும். அந்த இடைவெளியில் வடிகட்டி வழியே கசிந்த கொஞ்சம் டீசல்தான் அந்த அரை நிமிடம். கிளம்பி, ஓடி, பாரம் ஏற்றியதும் நிற்பது என்ற இந்த வரிசையைப் பார்த்தாலே அனுபவப்பட்ட மெக்கானிக் நேராக வடிகட்டியிடம் போய்விடுவார்.

தொலைக்காட்சியில் காற்றோடு சேர்த்தால் மைனஸ் 35 என்று சொல்கிறார்களே, அந்தக் கணக்கு டீசலுக்குப் பொருந்துமா? பொருந்தாது. காற்று நம் உடம்புச் சூட்டைச் சீக்கிரம் பறிப்பதைக் குறிக்கும் எண் அது. காற்று எவ்வளவு வீசினாலும் டீசல் மைனஸ் 22-க்குக் கீழே இறங்காது. ஆனால் மைனஸ் 22-ஐச் சீக்கிரம் எட்டிவிடும். எஞ்சினுக்கு வெளியே தொங்கும் விரல் தடிமன்கூட இல்லாத டீசல் குழாய், கொட்டகைக்குள் இருந்தவரை நன்றாக இருந்துவிட்டு வெளிக்காற்று பட்ட சில நிமிடங்களில் மெழுகு கட்டுவது இதனால்தான்.

புகையைப் பாருங்கள்

குளிர் டிராக்டரை ஒரே வழியில் தாக்குவதில்லை. மைனஸ் 18 டிகிரியில் பேட்டரியின் உந்துதிறன் ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது. எஞ்சின் ஆயில் தடித்துப்போய்ச் சுற்றவிடாமல் பிடிக்கிறது. குளிர்ந்த இரும்பு, அமுக்கிய காற்றின் சூட்டைத் தின்றுவிடுவதால் டீசல் வந்தாலும் பற்றுவதில்லை. இவற்றோடு மெழுகு. எது என்று கண்டுபிடிக்காமல் எல்லா வைத்தியத்தையும் ஒன்றாகச் செய்பவர்களுக்குக் காலைப்பொழுது போய்விடும்.

ஸ்டார்ட்டர் மெதுவாக, இழுத்து இழுத்துச் சுற்றினால் அது பேட்டரியும் ஆயிலும். நன்றாகச் சுற்றுகிறது, புகைக்குழாயில் வெள்ளைப் புகை வருகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் டீசல் வந்து சேர்கிறது, பற்ற மட்டும் சூடு போதவில்லை என்று பொருள். வெள்ளையாகத் தெரிவது எரியாத டீசலின் ஆவி. சிலிண்டருக்குள் சூடேற்றும் குளோ பிளக்கைப் பார்க்க வேண்டும். அல்லது எஞ்சினின் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டரை மின்சாரத்தில் சில மணி நேரம் மாட்டிவைக்க வேண்டும். நன்றாகச் சுற்றியும் புகையே வரவில்லை என்றால் டீசல் சிலிண்டருக்கு வரவே இல்லை. அப்போதுதான் மெழுகைச் சந்தேகிக்க வேண்டும். இங்கே பலர் ஏமாறுகிறார்கள்: எஞ்சின் ஹீட்டர் இரவெல்லாம் மாட்டியிருந்தது, எப்படி அடைக்கும் என்று கேட்பார்கள். அந்த ஹீட்டர் எஞ்சினைச் சூடாக்கும். டேங்க்கும் குழாயும் வடிகட்டியும் அதன் கைக்கு எட்டாத தூரத்தில் குளிர்ந்துகொண்டிருக்கும்.

மெழுகைப்போலவே வேஷம் போடும் இன்னொரு எதிரி தண்ணீர். பாதி காலியான டேங்க்கில் இருக்கும் காற்றின் ஈரம், குளிரும் இரவுகளில் உலோகச் சுவரில் துளித்துளியாகப் பூத்து அடியில் இறங்கிவிடும். டீசலைவிடத் தண்ணீர் கனமானது. பல சிறிய டிராக்டர்களில் டீசல் வழியில் ஒரு கண்ணாடிக் கிண்ணம்போலப் பிரிப்பான் இருக்கும்; சிலவற்றில் உள்ளே ஒரு சிவப்பு வளையம் கிடக்கும். தண்ணீர் சேரச் சேர வளையம் மிதந்து மேலே வரும். அதை வடிக்காமல் விட்டால் பூஜ்ஜியத்துக்குக் கீழே அந்தத் தண்ணீரே பனிக்கட்டியாகி வழியை அடைக்கும். குளிர்காலத்துக்கென்றே வாங்கிய முதல்தர டீசல் மைனஸ் 5-இலேயே வண்டியை நிறுத்திவிட்டது என்றால், குற்றவாளி பெரும்பாலும் தண்ணீர்தான். வேலை முடிந்ததும் டேங்க்கை நிரப்பி நிறுத்துவது என்ற பழைய பழக்கம், ஈரம் பூக்க இடமில்லாமல் செய்யும் பழக்கம்.

எது மருந்து, எப்போது மருந்து

சந்தையில் குளிர்காலத்துக்கென்று விற்கும் கலவைகளை டீசலில் சேர்த்தால் மெழுகு கரைந்துவிடும் என்று நினைப்பது பரவலான நம்பிக்கை. வழக்கமான கலவைகள் மெழுகைக் கரைப்பதில்லை. கலங்கும் நிலையையும் பெரிதாகக் கீழே இறக்குவதில்லை. அவை செய்வது வேறு, அதை எத்தனை முறை விளக்கினாலும் எனக்கு அலுப்பதில்லை.

1960-களில் புழக்கத்துக்கு வந்த இந்தக் கலவைகளின் உள்ளே இருப்பவை நீளமான பாலிமர் மூலக்கூறுகள். அவற்றின் ஒரு பகுதி மெழுகுச் சங்கிலியைப் போலவே இருக்கும், இன்னொரு பகுதி இருக்காது. படிகம் வளரத் தொடங்கும்போது மெழுகைப் போன்ற பகுதி, வரிசையில் தானும் ஒரு மெழுகுச் சங்கிலி என்பதுபோல் போய் உட்கார்ந்துகொள்கிறது. மெழுகைப் போலில்லாத பகுதி, அடுத்த சங்கிலி வந்து ஒட்டாதபடி மறிக்கிறது. அகன்ற தகடாக விரிய வேண்டிய படிகம், குட்டி ஊசிகளாக நின்றுவிடுகிறது. அந்த ஊசிகளும் வடிகட்டியில் சேரத்தான் செய்யும். ஆனால் தகடுகள் அப்பிக்கொண்டால் மூடிவிடும்; ஊசிகள் குவிந்தால் இடையே சந்துகள் இருக்கும், டீசல் அந்தச் சந்துகள் வழியே போய்விடும். மெழுகின் அளவில் மாற்றமில்லை, அதன் வடிவம் மட்டும் மாறியிருக்கிறது.

இது புரிந்தால், பாட்டிலின் மேல் எழுதியிருக்கும் எச்சரிக்கையும் புரியும். மெழுகு பிரிவதற்கு முன்பே, டீசல் கலங்கும் நிலைக்கு மேலே இருக்கும்போதே சேர்த்துவிட வேண்டும். படிகம் வளர்ந்து முடிந்தபின் பாலிமர் போய் உட்கார வரிசையே கிடையாது. மைனஸ் 22-இல் நின்றுபோன டிராக்டரின் டேங்க்கில் அதை ஊற்றுவது பணத்துக்குக் கேடு. அக்டோபரில், கேனின் அடியில் முதலில் கலவையை ஊற்றி அதன்மேல் பங்க்கில் டீசல் பிடித்தால் கலப்பதும் தானாக நடக்கும். நின்றுபோன வண்டிக்கென்று கரைப்பான் சேர்த்த அவசரக் கலவைகள் தனியாக விற்கின்றன. அவை வேலை செய்யும், ஆனால் புதிய வடிகட்டியும் கொஞ்சம் சூடும் கூடவே வேண்டும்.

இன்னொரு வழி, மண்ணெண்ணெய். அமெரிக்காவில் முதலாம் எண் டீசல் என்று விற்பது மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய உறவு. குட்டைச் சங்கிலிகள் அதிகம், மைனஸ் 40-ஐ ஒட்டித்தான் கலங்கும். பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் கலவையின் கலங்கும் நிலை இரண்டு டிகிரி அளவு இறங்கும். நம் உதாரண டிராக்டரில் மைனஸ் 9-ஐ மைனஸ் 19 ஆக்கவே பாதிக்குப் பாதி கலக்க வேண்டியிருக்கும். விலை கூடுதல், லிட்டருக்குக் கிடைக்கும் சக்தி குறைவு, பம்ப்புக்குக் கிடைக்கும் வழவழப்பும் குறைவு. டீசல் பம்ப்புக்கு டீசலே மசகு எண்ணெய் என்பதை மறக்கக் கூடாது.

செய்யவே கூடாதவை இரண்டு. டீசலில் பெட்ரோல் கலக்கும் பழைய யோசனை ஒன்று. டீசலின் ஆவி தீப்பற்ற அந்தத் திரவம் 50 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும். பெட்ரோலுக்கு மைனஸ் 40-இலேயே போதும். சிறிதளவு பெட்ரோல் கலந்தாலும் டேங்க்குக்குள் இருக்கும் ஆவி ஆபத்தானதாக மாறிவிடுகிறது. இரண்டாவது, குளோ பிளக் உள்ள எஞ்சினில் காற்றுக் குழாய் வழியாக ஈதர் அடிப்பது. பழுக்கக் காய்ந்த குளோ பிளக்கில் ஈதர் பட்டால் நேரம் தவறி வெடித்து, பிஸ்டனையே உடைக்கக்கூடும்.

அந்தக் கொட்டகைக்காரர் செய்ய வேண்டியது என்ன? ஸ்டார்ட்டரை விடாமல் சுற்றி பேட்டரியையும் இழக்காமல் இருப்பது முதல் வேலை. முடிந்தால் வண்டியைச் சூடான கொட்டகைக்குத் தள்ளிவிடுவது. முடியாவிட்டால் டார்ப்பாலினால் மூடி, உள்ளே தீ இல்லாத மின் ஹீட்டரை வைப்பது. கலங்கும் நிலையைத் தொட்டவுடன் மெழுகு கரைந்துவிடாது; பிரிந்த மெழுகு திரும்பக் கரைய அதைவிடப் பல டிகிரி கூடுதலான சூடு வேண்டும். ஒரு மணி நேரத்தில் முடியும் வேலை இல்லை இது. வடிகட்டியைக் கழற்றிப் புதிதாகப் போட்டு, கலவை சேர்த்த குளிர்கால டீசலால் அதை நிரப்பி, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றியபின் எஞ்சினைக் கிளப்பலாம். கழற்றிய வடிகட்டியை ஒரு தட்டில் கவிழ்த்தால் வெண்மஞ்சள் நிறத்தில் குழைந்த பசை ஒட்டிக்கொண்டிருக்கும். அறைச் சூட்டில் வைத்தால் அது சிறிது நேரத்தில் உருகித் தெளிந்த டீசலாக வழிந்துவிடும்.

தாவர எண்ணெய் டீசலானால்

தாவர எண்ணெயிலிருந்தும் விலங்குக் கொழுப்பிலிருந்தும் செய்யும் பயோடீசலில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. எந்த எண்ணெயோ அந்த எண்ணெயின் சுபாவம் அப்படியே வந்துவிடும். சோயா எண்ணெயில் செய்தது பூஜ்ஜிய டிகிரியை ஒட்டிக் கலங்குகிறது. பாமாயிலில் செய்தது 13, 14 டிகிரியிலேயே கலங்கிவிடும்; ஊட்டியின் சாதாரண இரவே அதற்குப் போதும். சோயா விளையும் மினசோட்டாவில் டீசலோடு பயோடீசல் கலப்பது சட்டம். கோடை மாதங்களில் நூற்றுக்கு இருபது பங்கு, குளிர் மாதங்களில் ஐந்து. இந்தச் சட்டத்திலும் மஞ்சள் கேன் குறுக்கிடுகிறது: செப்டம்பரில் பிடித்த டீசலில் இருபது பங்கு சோயா இருக்கிறது, அது ஜனவரியில் எரியப்போகிறது. கோடையின் கடைசிக் கேனைக் குளிர் வருவதற்குமுன் புல் வெட்டியே தீர்த்துவிடுவதுதான் செலவில்லாத வழி. செய்பவர்கள் குறைவு என்பது வருத்தம்.

ஆலைக்குள் ஒரு சல்லடை

கலவையும் மண்ணெண்ணெயும் பங்க்குக்கு வந்தபின் செய்யும் வைத்தியம். ஆலையிலேயே செய்வது இன்னும் அழகான வேலை. ஜியோலைட் என்ற கனிம வகையில், நுண்ணோக்கிக்கும் எட்டாத குழாய்த் துளைகள் ஒரே சீரான அகலத்தில் ஊடுருவியிருக்கும். ஒரு மில்லிமீட்டரை இருபது லட்சம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவோ, சுமார் அவ்வளவு அகலம். நேர்ச் சங்கிலி அதற்குள் நுழையும். கிளை மலிந்த சங்கிலிக்கு உடம்பு கொள்ளாது. நுழைந்த நேர்ச் சங்கிலியை உள்ளேயே வைத்து உடைத்துவிடலாம். அல்லது வேறு வகை ஜியோலைட்டில், துளையின் வாயிலேயே பிடித்து ஒரு கிளை முளைக்கவைக்கலாம். உடைத்தால் அது குட்டையாகி டீசலை விட்டே போய்விடும், விளைச்சல் குறையும். கிளை முளைக்கவைத்தால் டீசலாகவே இருக்கும், குளிரில் அடுக்கிக்கொள்ளாது.

இந்தியாவிலும் இதற்கான தேவை இருக்கிறது. லடாக்கில் லாரி ஓட்டுநர்கள் விடியற்காலையில் டேங்க்குக்கு அடியில் தீ மூட்டி டீசலை இளக்குவது நெடுநாள் வழக்கம். 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம், பானிபட் ஆலையில் தயாரித்த, மைனஸ் 33 டிகிரிவரை ஓடும் தனி டீசலை லடாக்குக்கு அனுப்பத் தொடங்கியது.

சீக்கிரம் பற்றும் குணத்துக்கும் குளிரில் ஓடும் குணத்துக்கும் இடையிலான அந்தச் சமரசத்தை ஐரோப்பியத் தர விதிகளில் எண்ணாகவே பார்க்கலாம். அங்கே ஒவ்வொரு நாடும் தன் பருவத்துக்கேற்ற டீசல் வகையைத் தேர்ந்துகொள்கிறது. மிதமான குளிருள்ள இடங்களில் விற்கும் டீசலுக்குச் சீட்டேன் எண் குறைந்தது 51 இருக்க வேண்டும். துருவப் பகுதிக்கான வகைகளில் மிகக் கடுமையானது மைனஸ் 44 வரை வடிகட்டியைத் தாண்ட வேண்டும். அதற்கு விதி கேட்கும் சீட்டேன் எண் 47 மட்டுமே.